கறுப்பு ஷீட்டில் முளைத்த நெல்

சிங்கப்பூரில் என் வேலையே மழைநீர் ஒழுகாமலிருக்க மொட்டைமாடிக்கு ரப்பர் ஷீட் ஒட்டுவதுதான். போன லீவில் பூதலூர் வீட்டு மாடிக்கும் நானே ஒட்டிவிட்டுப் போனேன்.

"நீங்க ஒட்டுன லட்சணம், மழை பேஞ்சா கூடத்துல ஒழுகுதுண்ணே."

வருஷம் முழுக்க போனில் சொல்லிக்காட்டினான் தம்பி. எனக்கே என் கைமேல் சந்தேகம் வந்துவிட்டது.

இந்த லீவுக்கு ஊர் வந்ததும், இன்று காலை பசையும் துண்டு ஷீட்டுமாக மாடி ஏறினேன். ஷீட் முழுக்க மண்வெட்டியால் நெல் அள்ளிய கீறல்கள். ஒரு கிழிசலுக்குள் நெல் முளைத்துப் பச்சையாக நிற்கிறது!

தம்பியைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"கறுப்பு ஷீட்டுல சுருக்கா காயுதுண்ணே" என்றான், கூசாமல்.

பொங்கலுக்கு அவன் கொடுத்தனுப்பிய அரிசியைத் தின்றுவிட்டு, "நல்லா காஞ்ச நெல்லுடா தம்பி" என்று போன் போட்டுப் பாராட்டியவன் நான்தான்.

சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள். ஆனால் உங்கள் வீட்டு மாடியையும் ஒருமுறை ஏறிப் பார்த்துவிட்டு வந்து சிரியுங்கள்.