சிவப்பு ரிப்பன் கட்டிய ஜன்னல்

சென்ற வாரம் எங்கள் குடும்பத்து வாட்ஸ்அப் குழுவிலிருந்து என் தம்பி என்னை நீக்கிவிட்டான். நான் யாரையும் திட்டவில்லை. புதிதாக ஜெயித்து வந்திருக்கும் தலைவர், கொல்லிமலையில் எங்கள் ஊர்ப்பக்கம் உடனடியாக ஓர் ஆம்புலன்ஸ் நிறுத்தப்போவதாக மேடையில் அறிவித்த வீடியோவை அவன் போட்டிருந்தான். அவர் தலைமுடியைக் கோதிவிட்டு, கூட்டத்தைப் பார்த்து ஒரு நொடி சும்மா நின்றார். அந்த ஒரு நொடிக்கே விசில் காதைப் பிளந்தது. நான் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "எந்த ஊரு ஆம்புலன்ஸ்?" நல்லது நடந்தால் உனக்குப் பொறுக்காதே என்று எழுதிவிட்டு என்னை வெளியே தள்ளினான்.

அந்தக் கேள்வி உண்மையில் என்னுடையது அல்ல. எங்கள் அம்மாவுடையது. தம்பி பிறப்பதற்கு முன்பு கேட்டது.

நான் நான்காம் வகுப்பை முடித்திருந்த வருடம் அது. எங்கள் மலையில் பல ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வளப்பூர் நாட்டில் எங்கள் ஊருக்கு ரோடு இருந்தது, பஸ் இல்லை. மிளகு மூட்டையோ பலாப்பழமோ, தலையில் வைத்துக்கொண்டு பெரிய ரோடு வரை நடக்க வேண்டும். பங்குனியில் ஓட்டுக் கேட்க வந்தவர் காரைப் பெரிய ரோட்டிலேயே விட்டுவிட்டார். முன்னால் போய்க்கொண்டிருந்த ஒரு கிழவரின் மூட்டையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்து வந்தார். ஊர் அன்றைக்கே அவருடையதாகிவிட்டது. என் பெயரைக்கூடக் கேட்டார். வைகாசியில் ஜெயித்து நன்றி சொல்ல வந்தபோது, அத்தனை கூட்டத்தில் என்னைப் பார்த்துப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஓர் ஆள் பக்கத்தில் நடந்தபடியே அவர் காதில் பெயர்களை ஓதிக்கொண்டு வந்தது பிற்பாடுதான் எனக்குத் தெரிந்தது.

பள்ளி திறக்கும்போது பஸ் வரும் என்றார் அன்று. அம்மா வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டாள்.

"ஏனுங்க, அந்த பஸ்ஸு எங்கிருந்துங்க வருது?"

"வந்தா ஏறிக்க வேண்டியதுதான? வக்கீலு மாதிரி கேள்வி கேக்கற."

ஆனி பிறந்ததும் சொன்னபடியே பஸ் வந்தது. வாழை மரம் கட்டி, முகப்பில் மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அவர் என்னைத் தூக்கி முதல் ஆளாக ஏற்றிவிட்டுத் தானும் ஏறினார். டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது ஜன்னலுக்குப் போய்ப் பார்த்தேன். கம்பியில் வெளுத்துப்போன சிவப்பு ரிப்பன் ஒன்று முடிச்சோடு இருந்தது.

அந்த முடிச்சு எனக்குத் தெரியும். கோடை விடுமுறையில் சித்திரை மாதத்தை நான் பக்கத்து எடப்புளி நாட்டில் அத்தை வீட்டில் கழித்திருந்தேன். அப்பாவின் ஒரே தங்கை அத்தை. அவள் மகள் செம்மேட்டுப் பள்ளியில் ஒன்பதாவது முடித்திருந்தாள். அந்த ஊரிலிருந்து அதுவரை படிக்கப் போன பெண் அவள் ஒருத்திதான். தினமும் காலை பஸ்ஸில் அதே ஜன்னல். இடம் தன்னுடையது என்று காட்டத் தன் தலை ரிப்பனை அவிழ்த்துக் கட்டிவைத்திருந்தாள். சந்தைக்கு என்னைக் கூட்டிப்போனபோது பெரிய மனசோடு பாதி இடம் கொடுத்தாள்.

"அப்பா, இது அக்கா சீட்டு! அத்தை ஊரு பஸ்ஸு!" என்று கத்தினேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஜெயித்தவர் என் தலையைத் தடவினார். "கண்ணுக்கு எல்லா பஸ்ஸும் ஒண்ணாத் தெரியுது" என்றார். பஸ்ஸே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். படியில் நின்ற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றும் எனக்கு உடம்பு கொதிக்கிறது. பஸ் கொண்டுவந்தவருக்குத் தெரியும். தெரிந்துதான் ஒரு குழந்தையைப் பொய்யாக்கிவிட்டுக் கையசைத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

எடப்புளிக்குக் காலை பஸ் அதோடு நின்றது. பத்தாம் வகுப்புக்கு அத்தை மகள் காட்டுப்பாதையில் நடந்தாள். மழை பிடித்துக்கொண்டது, ஒருநாள் பலா மரத்தடியில் கரடியைப் பார்த்துவிட்டுப் புத்தகப் பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தாள். போதும் சாமி, ஊட்டிலயே இரு என்று அத்தை நிறுத்திவிட்டாள்.

செய்தி கேட்டு அப்பா பஸ் கொண்டுவந்தவருடைய ஆபீசுக்குப் போனார். வரவேற்று, காபி கொடுத்து, அதே சிரிப்போடு அவர் சொன்னாராம்: "உங்க ஊருக்கு பஸ் வேண்டாம்னு எல்லாரும் எழுதிக் குடுங்க. நாளைக்கே திருப்பி அனுப்பிடறேன்." அப்பா திரும்பி வருவதற்குள் விஷயம் ஊருக்கு வந்துவிட்டது. வாசலில் ஆட்கள் நின்றார்கள்.

"ஏனுங்க, தங்கச்சி புள்ளைக்காக ஊரையே நடக்க வெக்கலாம்னு பாக்கறீங்களா?"

"மூட்டையத் தோள்ல சொமந்த மனுசனுங்க அவரு!"

அப்பா அவர்களை விலக்கிக்கொண்டு உள்ளே போனார். மூட்டை சுமந்தவர் எங்களுக்கு எதையும் கொடுக்கவில்லை. பக்கத்து நாட்டிலிருந்து பிடுங்கி எங்கள் கையில் திணித்து, அதற்கு எங்களையே காவல் வைத்துவிட்டார். நாங்களும் கைதட்டிக்கொண்டே காவல் காத்தோம். அடுத்த முறையும் அவரே ஜெயித்தார். எங்கள் ஊர் ஓட்டு ஒன்றுகூடச் சிதறவில்லை. அத்தை மகளுக்கு, பஸ் நின்ற அந்த வருடமே தையில் கல்யாணம் செய்துவிட்டார்கள்.

தேதிப்படி எழுதுவதுதான் என் வழக்கம். ஆனால் அந்தத் தைக்கு முன்னால் வந்த ஆடிப் பதினெட்டைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

செம்மேட்டில் நடக்கும் ஆடி விழாவுக்காக அத்தையும் மகளும் முந்தின நாளே நடந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். காலையில் எல்லோரும் பஸ்ஸுக்கு நின்றோம். நான் ஓடிப்போய் மூன்றாவது ஜன்னலைப் பிடித்தேன். அத்தை தலையைக் குனிந்துகொண்டு ஏறிப் பின்னால் போய்விட்டாள். அவள் மகள் கீழேயே நின்று ரிப்பனைப் பார்த்தாள்.

"அக்கா, உன் சீட்டுதான். வா!"

"நீயே உக்காந்துக்க கண்ணு. நான் நடந்தே வாரேன்."

டிரைவர் ஹாரன் அடித்தார். அம்மா கைப்பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். எங்கே போகிறாய் என்று அப்பா அதட்டினார்.

"நீங்க போங்க, உங்க பஸ்ஸுல" என்றாள் அம்மா.

இருவரும் ரோட்டோரமாக நடக்கத் தொடங்கினார்கள். ஜன்னலோரத்தை நான் பிடித்துக்கொண்டதால்தான் அக்காவுக்குக் கோபம் என்று நினைத்தேன். உடனே நகர்ந்து ஓரத்தைக் காலியாக விட்டேன். வழியெல்லாம் கூட்டம் ஏறியது. உட்கார வந்தவர்களிடமெல்லாம், இது எங்க அக்கா சீட்டுங்க, அவங்க வருவாங்க என்று சொல்லிக்கொண்டே, செம்மேடு வரை அந்த இடத்தை நான் யாருக்கும் கொடுக்கவில்லை.