திரைக்கு அந்தப் பக்கம்

காலை 6.40. சென்னை விமான நிலையத்தில், விமானத்துக்குப் போகும் வாசலில் என் பயணச் சீட்டை வாங்கிய பெண் அதைத் திருப்பித் தரவில்லை.

"பின்னாடி சீட் ஃபுல் ஆயிடுச்சு சார். உங்கள பதினோரு மணி ஃபிளைட்ல அனுப்பறோம்."

"என் மகள் உள்ளுக்குப் போயிட்டா. முதுகுல ஆபரேஷன் செஞ்ச புள்ள."

"அவங்க புக்கிங் வேற, உங்க புக்கிங் வேற சார். அவங்ககிட்ட சொல்லிடறோம்."

சொல்லவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

ரிஸ்னாவுக்கு இருபது வயது. சாய்ந்தபடிதான் இலங்கைக்குத் திரும்ப வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூன்று வருடமாக அவளுடைய வைத்தியத்துக்கு ஒரே நிறுவனத்தின் விமானத்தில்தான் போய் வந்தோம். அடிக்கடி பறப்பவர்களுக்கு அவர்கள் தரும் புள்ளிகளைச் சேர்த்துக் கொடுத்து முன்பகுதியில் அவளுக்கு ஓர் அகலக் கதிரை எடுத்தேன். எனக்கோ பின்பகுதியில், காசுக்கு. இரண்டு பதிவுகளையும் இணைக்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பது எனக்குத் தெரியாது.

பின்கதிரையின் விலையும் ஏறியிருந்தது. ஏன் என்று கண்டியில் டிக்கெட் போடுகிறவரிடம் கேட்டிருந்தேன்.

"முன்னுக்குப் பெரிய சீட் போட பின்னுக்கு ரெண்டு மூணு வரிசைய கழட்டிட்டாங்க நானா. இடம் கொறஞ்சா வெல ஏறும்தானே. வேற எயார்லைன்ல போங்களே, கொறவு."

"இது பழகினது."

"நீங்க பழகினது அவங்களுக்குத் தெரியுமா?" என்று சிரித்தார்.

பிற்பகல் 1.10. கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வெளியே வந்து, இலங்கையில் மட்டும் வேலை செய்யும் என் போனில், கண்டிக்கு அப்பால் திகனவிலுள்ள வீட்டுக்கு அழைத்தேன். மகளுடைய போன் என் பையில் இருந்தது.

"ஒம்பது மணிக்கு தம்பி கோல் எடுத்தாரு. புள்ளய வேன்ல ஏத்திட்டேன் எண்டாரு. பொறகு அவர்ட போன் ஓஃப். இன்னும் வரல்ல," என்றாள் மனைவி. எங்களைக் கூட்டிவரக் காலையில் விமான நிலையத்துக்குப் போயிருந்தவர் அவளுடைய தம்பி, என் மச்சான்.

இருபதாயிரம் ரூபாய்க்கு ஒரு வேன் பிடித்தேன். சாரதி கம்பளை ஊர்க்காரர். குருநாகல் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. எதிரிலும் ஓரத்திலும் தெரிந்த மச்சானுடையதைப் போன்ற ஒவ்வொரு வெள்ளை வேனையும் பார்த்துக்கொண்டே வந்தேன்.

"வேன் கவுந்திருந்தா கூட்டம் நிக்கும் சார். எங்கயும் கூட்டம் இல்ல. அப்ப நல்லாத்தான் இருப்பாங்க," என்றார். அவருக்குத் தெரிந்த ஆறுதல் அது.

3.20. கலகெதரவில் தேநீருக்கு நிறுத்தினார். என் போன் ஒலித்தது. விமான நிறுவனத்தின் செய்தி: சிரமத்துக்கு வருந்துகிறோம், உங்கள் கணக்கில் மேலும் புள்ளிகள் சேர்த்திருக்கிறோம், தொடர்ந்து எங்களுடன் பறப்பதற்கு நன்றி.

வாசித்துக் காட்டினேன். சாரதி தேநீரை ஊதிக்கொண்டே, "அடிக்கடி வர்ற ஆளுன்னா நாங்க முன் சீட்டுல ஏத்துவோம் சார். இவங்க எறக்கி விட்டாங்களா?" என்றார்.

கட்டுகஸ்தோட்டையில் வாகனங்கள் நகரவில்லை. ஆறு மாதத்தில் மறுபரிசோதனைக்குப் போக வேண்டும். புதிய புள்ளிகளுக்கு இன்னொரு அகலக் கதிரை கிடைக்கக்கூடும். எனக்கு அது வேண்டாம் என்று அங்கேயே முடிவு செய்தேன். எந்த விமானமானாலும் சரி, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கதிரை போதும். முதலில் அவள் வீடு வந்து சேரட்டும்.

5.05. வீட்டு வாசலில் மனைவி நின்றிருந்தாள். வேன் வரவில்லை. நோயாளியைப் பார்க்க வந்த அயலவர்களுக்காகக் கூடத்தில் கதிரைகள் போட்டிருந்தார்கள். யாரும் உட்காரவில்லை.

மாலை மஃரிப் தொழுகைக்குச் சற்று முன்னால் மச்சானின் வேன் மெல்ல எங்கள் வீட்டு ஒழுங்கைக்குள் திரும்பியது.

"போன் செத்துட்டு மச்சான். யார்ட நம்பரும் பாடமில்ல," என்று இறங்கும்போதே சொன்னார். "ஆபரேஷன் காயம் கசிஞ்ச. கண்டி ஆஸ்பத்திரில கட்டு மாத்திட்டுத்தான் வாரேன். மத்தியானமெல்லாம் காக்க வெச்சிட்டாங்க. இப்ப பயமில்ல."

பின்கதவைத் திறந்தேன். ரிஸ்னா தலையணையில் சாய்ந்திருந்தாள். அவளுடைய போனை நீட்டினேன். அதை விட்டுவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பிளேன்ல நடுவுல திரை போட்டிருந்தாங்க வாப்பா. அங்கால பின்சீட்டுல நீங்க இரிக்கிறீங்கண்டு நெனச்சித்தான் நான் தூங்கின."