விசாலாட்சி ஓட்டிப் பார்த்துச் சொன்னது

கடை ஷட்டரைப் பாதி தூக்கியிருந்தபோது கைபேசி அடித்தது. புதுவயல் அரிசி ஆலைகளில் லோடு எடுக்கும் டிரைவர் முத்துராமன் பேசினார். "பாய், விசாலம் அக்கா போயிட்டாக. காலையில காபியைக் குடிச்சுட்டு, வண்டிச் சாவியை எடுத்துக்கிட்டு எந்திரிச்சாகளாம். அப்படியே உட்கார்ந்துட்டாக. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு." ஷட்டரை இறக்கிப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். விசாலாட்சி வீட்டுத் தெருவுக்குள் நுழையவே முடியவில்லை. இரண்டு பக்கமும் பிக்கப் வண்டிகள் நின்றன. ஒரு நாள் ஓட்டம் போனாலும் பரவாயில்லை என்று நம் லோடு வண்டி ஸ்டாண்டே அங்கு வந்துவிட்டிருந்தது.

காரைக்குடியில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருப்பவன் நான். விசாலாட்சி சொந்தமாக ஒரு டீசல் பிக்கப் வைத்து ஓட்டியவர். ஐம்பத்துநான்கு வயதில் போய்விட்டார். ஸ்டாண்டில் நடந்த இரங்கல் கூட்டத்தில் எல்லோரும் பேசினீர்கள். நான் எழுந்து நின்று, "நல்ல மனுஷி" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு அது உறுத்தியது. அவருக்கு நான் செய்த தவற்றையும், அதை அவர் எப்படித் திருத்தினார் என்பதையும் சொல்லாமல் வெறுமனே நல்ல மனுஷி என்றால் அது பாதிப் பொய். அதனால் ஸ்டாண்டில் இருக்கும் உங்களுக்கு இதை எழுதுகிறேன்.

அவர் ஸ்டீயரிங்கைப் பிடித்த கதை உங்களில் பழையவர்களுக்குத் தெரியும். அவர் கணவர் சுந்தரம் தச்சு வேலை செய்பவர். செய்து முடித்த கதவு, ஜன்னல்களைக் கொண்டு போக அவர் வாங்கிய வண்டி அது. ஒரு வீட்டில் சாரத்திலிருந்து விழுந்து அவருக்கு முதுகெலும்பு அடிபட்டது. வண்டியை விற்றுவிடலாம் என்று உறவினர்கள் சொன்னபோது விசாலாட்சி ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்தார். உரிமம் வாங்கிக்கொண்டு ஸ்டாண்டுக்கு வந்தவருக்குப் பல நாள் யாரும் லோடு கொடுக்கவில்லை. வரிசையில் வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார்; சாயங்காலம் வெறும் வண்டியோடு திரும்புவார்; மறுநாள் முதல் ஆளாக வந்து நிற்பார். கடைசியில் ஆத்தங்குடியிலிருந்து மதுரைக்குத் தரைக்கல் ஏற்ற வேறு வண்டி கிடைக்காத ஒரு நாளில் அவரைக் கூப்பிட்டார்கள். ஒரு கல்கூட உடையாமல் கொண்டு போய் இறக்கினார். அதன் பிறகு யாரும் அவரைக் காத்திருக்க வைக்கவில்லை.

நான் தவறு செய்த அந்த நாளில் அவர் வண்டிக் கோளாறு என்று என் கடைக்கு வந்தது அதற்கு இரண்டு வருடம் கழித்து. வண்டியில் இழுவை இல்லை, கரும்புகை தள்ளுகிறது, காலையில் ஸ்டார்ட் செய்தால் உடம்பெல்லாம் நடுங்குகிறது என்றார். அப்போது டீசலில் கலந்து ஊற்றும் ஒரு திரவத்துக்கு நான் ஏஜென்சி எடுத்திருந்தேன். நம் ஆட்கள் அதற்கு டானிக் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். வண்டியை நான் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. "இதை ஊத்துங்க தங்கச்சி, எல்லாம் சரியாயிரும்" என்று ஒரு பாட்டிலை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வாக்கியத்தை அந்த வருடம் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

அந்த வாரம் திருக்கோஷ்டியூர் கோயிலில் அன்னதானம். மதியச் சமையலுக்கான அரிசியைப் புதுவயலிலிருந்து ஏற்றிக்கொண்டு போனது விசாலாட்சியின் வண்டி. ஊருக்குச் சற்று முன்னால் வண்டி இரண்டு முறை குலுங்கி நின்றுவிட்டது. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அங்கே அடுப்பு மூட்டிவிட்டு அரிசிக்குக் காத்திருக்கிறார்கள். அவர் நடுரோட்டில் நின்று ஒரு டிராக்டரை மறித்து, மூட்டைகளை மாற்றி ஏற்றி, தானும் மேலே ஏறி உட்கார்ந்து கொண்டு போய்ச் சேர்த்தார். பந்தி ஒரு மணி நேரம் தாமதமானது. தாமதத்துக்குத் தானே காரணம் என்று வரிசையில் நின்ற பக்தர்களிடம் மன்னிப்புக் கேட்டாராம்.

மறுநாள் காலை என் கடைக் கண்ணாடி மேசை மேல் ஒரு குடிநீர் பாட்டிலை வைத்தார். டீசல் ஃபில்டரிலிருந்து வடித்தது. மேலே டீசல், அடியில் நாலு விரல் உயரத்துக்குத் தெளிவாகத் தண்ணீர்.

"பாய், அடியில நிக்கிறது என்ன?"

"தண்ணி."

"உங்க டானிக்கு தண்ணியைக் குடிக்குமா?"

நான் பாட்டிலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன்.

"தண்ணி எப்படி வந்துச்சுன்னு பார்த்துட்டேன். என் டேங்க் மூடியில ரப்பர் போயிருக்கு. மழைத் தண்ணி இறங்கிருக்கு. அது என் தப்பு. ஆனா எல்லாம் சரியாயிரும்னு சொன்னீகளே, அது யாரு தப்பு? மூடியைத் திறந்து பாருன்னு ஒரு வார்த்தை சொல்லிருந்தீகன்னா நான் பார்த்திருப்பேன்ல."

என் மேல் தவறில்லை என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. டானிக் பாட்டிலின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். நான் அதுவரை வாசித்ததில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தேன். எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் நாசிலில் படியும் கரியைக் குறைக்கும் என்று இருந்தது. தண்ணீரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "விக்கிற உங்களுக்கும் தெரியலை, வாங்குற எனக்கும் தெரியலை. இது என்ன வியாபாரம்?" என்றார். பிறகு நான் எதிர்பார்க்காத ஒன்றைச் சொன்னார். "சும்மா திட்டிட்டுப் போக வரலை. இதுல என்னதான் இருக்குன்னு நான் ஓட்டிப் பார்த்துச் சொல்றேன்."

முதலில் மூடியின் ரப்பரை மாற்றினார். டேங்கைக் கழுவி, புது ஃபில்டர் போட்டார். டீசல் பம்ப் மெக்கானிக்கிடம் நாசில்களைக் கழற்றிக் காட்டச் சொல்லி, முனையில் இருந்த கரியைக் கைபேசியில் படமெடுத்துக்கொண்டார். அதன் பிறகு ஆறு மாதம். இரண்டு மாதம் டானிக் இல்லாமல், இரண்டு மாதம் பாட்டிலில் சொன்ன அளவுக்கு டானிக் ஊற்றி, மறுபடி இரண்டு மாதம் இல்லாமல். ஒரே பங்க், புதுவயலுக்கும் மதுரைக்கும் இடையே ஒரே சாலை, ஏறக்குறைய ஒரே எடை. கடைசி இரண்டு மாதம் எதற்கு என்று கேட்டேன். "வெயில் மாறும், ரோடு மாறும், நம்ம காலு மிதிக்கிறதும் மாறும். ஒரு தடவை பார்த்துட்டு முடிவு கட்டுனா அது கிளி ஜோசியம்" என்றார். அந்த ஆறு மாதமும் என் கடைக்கு வருவார், சாமான் வாங்குவார். டீ வரவழைத்தால் மட்டும் வேண்டாம் என்று கையைக் காட்டிவிடுவார். கோபத்தை எளிதில் விடுகிறவர் அல்ல. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

முடிவு இதுதான். மைலேஜ் கூடவில்லை. கொஞ்சம் ஏறியதும் இறங்கியதும் டானிக் இல்லாத மாதங்களிலும் நடந்தது. ஆனால் காலை நடுக்கம் குறைந்திருந்தது, புகை குறைந்திருந்தது. மெக்கானிக் மறுபடி கழற்றியபோது நாசில் முனையில் கரியும் குறைவாகவே இருந்தது. பழைய எஞ்சினுக்கு அது ஓரளவு வேலை செய்கிறது. "சுத்தப் பொய்னு சொல்லிட்டா எனக்குத் திருப்தியா இருந்திருக்கும். சுத்த நெசம்னு சொல்லிட்டா உங்களுக்கு. ரெண்டும் இல்லை பாய். உள்ளதைச் சொல்லி வித்தீகன்னா போதும்" என்றார்.

நான் சொல்லவில்லை. மறு வாரம் டானிக் கம்பெனி ஆள் காரைக்குடியில் டிரைவர்களுக்குக் கூட்டம் நடத்த வருவதாக இருந்தது. கூட்டம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தக் கூட்டத்துக்கு நீங்களும் வந்திருந்தீர்கள். சிறிய மண்டபம், டிபன், ஆளுக்கொரு பனியன். நான் மேடையில் கம்பெனிக்காரர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தேய்ந்த பம்பும் சரியாகும், மைலேஜ் கூடும், ஒன்றுக்கு இரண்டு பாட்டில் ஊற்றினால் இன்னும் நல்லது என்று அவர் பேசிக்கொண்டே போனார். பின்வரிசையிலிருந்து விசாலாட்சி எழுந்தார்.

"சார், ரெண்டு பாட்டில்னு உங்க பாட்டில்லயே போடலையே?"

"அம்மா, இதெல்லாம் டெக்னிக்கல் விஷயம். உங்களுக்குப் புரியாது."

சிலர் சிரித்தார்கள். அவர் உட்காரவில்லை. "நான் ஆறு மாசம் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் கேக்குறேன். சரி, எனக்குப் புரியாது. புரிஞ்சவரு உங்க பக்கத்துலயே இருக்காரு" என்று என்னைப் பார்த்தார். "அண்ணே, நீங்க சொல்லுங்க."

அதுவரை அவர் என்னைப் பாய் என்றுதான் கூப்பிட்டிருக்கிறார். எழுந்து, அவர் கண்டதை ஒன்றுவிடாமல் சொன்னேன். கரி குறையும், மைலேஜ் கூடாது, தண்ணீர் இருந்தால் பயனில்லை, தேய்ந்த பம்ப் தேய்ந்ததுதான், அளவுக்கு மேல் ஊற்றக் கூடாது. இதுவரை நான் வேறு மாதிரி சொல்லி விற்றது தவறு என்றும் சொன்னேன். கம்பெனிக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் பையை எடுத்துக்கொண்டு இறங்கினார். அந்த மாதமே ஏஜென்சி போயிற்று. கொஞ்ச காலம் கடை காற்று வாங்கியது. நான் சொன்னதையெல்லாம் ஒரு பலகையில் எழுதிக் கடை முகப்பில் மாட்டினேன். விசாலாட்சி வந்து நின்று வாசித்துவிட்டு, "முதல்ல ஃபில்டரைப் பாருங்கன்னு மேல எழுதுங்கண்ணே" என்றார். எழுதினேன். அன்றுதான் என் கடையில் டீ குடித்தார்.

பிறகு அவருக்கே உடம்பு சரியில்லாமல் போனது. மதுரையில் இதய அறுவை சிகிச்சை. மழைக்காலம் முழுவதும் வண்டி ஓரிடத்திலேயே நின்றது. ஐந்து மாதம் கழித்து வந்து டேங்கைத் திறந்தால் உள்ளே கறுப்பாக, வழவழவென்று பாசி போலப் படிந்திருந்தது. டீசலில் ஈரம் சேர்ந்து கிருமி வளர்ந்துவிட்டது. சுந்தரம், "போதும் விசாலம், வண்டியைக் குடுத்துருவோம்" என்றார். விசாலாட்சி கேட்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். கிருமியைக் கொல்லும் மருந்து ஒன்று இருக்கிறது, இந்த முறை பின்பக்கத்தை வாசித்துவிட்டுத்தான் சொல்கிறேன் என்றேன். சிரித்துவிட்டு, "அதை மட்டும் ஊத்துனா செத்த பாசி எங்குட்டுப் போகும்? ஃபில்டர்லதான வந்து அடைக்கும்? முதல்ல டேங்கை இறக்குங்க" என்றார்.

பாரம் தூக்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மெக்கானிக்கையும் என்னையும் மூன்று நாள் வேலை வாங்கினார். டேங்கை இறக்கி இரண்டு முறை கழுவினோம். குழாய்களை ஊதினோம். புது டீசலில் மருந்தை அளந்து ஊற்றினோம். முதல் ஓட்டத்துக்கு நானும் கூடப் போனேன். திருப்பத்தூருக்கு முன்னால் வண்டி திணறியது. அவர் நிதானமாக ஓரம் கட்டி, சீட்டுக்கு அடியிலிருந்து இன்னொரு புது ஃபில்டரை எடுத்து என்னிடம் நீட்டினார். "மிச்சம் மீதி வரும்னு தெரியும்ணே. அடைக்கட்டும், மாத்துவோம். ஊரு போய்ச் சேரணும், அவ்வளவுதான்." மாற்றினோம். போய்ச் சேர்ந்தோம். அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவர் ஓட்டினார். ஒரு லோடுகூட வழியில் நிற்கவில்லை.

போன வாரம் வேறொரு கம்பெனி ஆள் புது டானிக் ஒன்றைக் கொண்டுவந்தார். பேச்சு அதே பேச்சுதான். ஓட்டிப் பார்க்காமல் அலமாரியில் ஏற்ற மாட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். முத்துராமனும் இன்னும் இரண்டு பேரும் சோதனைக்குத் தங்கள் வண்டிகளைத் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். சுந்தரத்தைப் பார்க்கப் போனபோது இதைச் சொன்னேன். அவர், "அவ வண்டி சும்மா நிக்க வேணாம் பாய். அதையும் சேர்த்துக்கங்க" என்றார்.

எனக்கு இன்றும் கூட்டத்தில் பேசப் பயம்தான். லாபம் வரும் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது. இருந்தாலும், தெரியாததைத் தெரியும் என்று இனி ஒரு டிரைவரிடமும் சொல்ல மாட்டேன். விசாலாட்சியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தப் பிடிவாதம்தான். வரும் திங்கட்கிழமை காலை புதுவயலில் டேங்கை முட்ட நிரப்பிக்கொண்டு நான்கு வண்டிகள் மதுரைக்குக் கிளம்புகின்றன. ஆறு மாதம் ஓடும். அவருடைய வண்டியை நான் ஓட்டுகிறேன்.