சிவஞானம் கேட்ட கேள்வி

போன செவ்வாய்க்கிழமை காலை சேஷய்யா என் கிளினிக்குக்குள் அழுதபடி வந்தார். மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைப்பவர். "சிவஞானம் டாக்டர் போய்ட்டாருங்க" என்றார். மாரடைப்பு. திருத்தணியில் காது மூக்கு தொண்டை மருத்துவராக அவனுக்கு முன்பே பலகை மாட்டியவன் நான். எனக்காக இப்படி யார் அழுவார்கள் என்றுதான் முதலில் தோன்றியது.

சென்னையில் ஒன்றாகப் படித்தோம். மதிப்பெண் எனக்குத்தான் அதிகம். அவனை அறிந்தவர்கள் இதை மறந்திருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன், அடுப்பருகே நின்றாலே சேஷய்யாவுக்குத் தாடைக்குக் கீழே வீங்கும். உமிழ்நீர்க் குழாயில் கல். வலியில் மடப்பள்ளியில் சமைக்கும் முறையே கைவிட்டுப் போகும் நிலை. கழுத்தைக் கீறிச் சுரப்பியை எடுக்க நான் நாள் குறித்தேன். உதடு கோணலாம் என்றும் சொல்லிவைத்தேன். அவர் பயந்து சிவஞானத்திடம் போய்விட்டார். குழாய்க்குள்ளேயே நுழைந்து பார்க்கும் நூல் போன்ற கருவியை அவன் அப்போதுதான் வாங்கியிருந்தான். என்னையும் வரச்சொன்னான்.

நாக்கடியில் குழாயின் வாய் தென்படவில்லை. உமிழ்நீர் ஊறட்டும் என்று எலுமிச்சைச் சாறு விட்டும் பயனில்லை. அவன் கருவியைக் கீழே வைத்தான்.

"சாமி, சமைக்கும்போது ருசி பாப்பீங்களா?"

"அய்யோ, நைவேத்தியம் ஆவாம எப்படிங்க? உப்பு, புளி எல்லாம் மோந்துதான்."

சூடான புளியோதரை வாங்கிவரச் செய்து, பொட்டலத்தை அவர் மூக்கருகே பிரித்தான். நாக்கடியில் ஒரு துளி ஊறியது. "தோ பாருடா, வழி அங்க கீது" என்றான். அவ்வழியே கருவியை விட்டு, சிறு கம்பிக்கூடையில் கல்லைப் பிடித்து இழுத்தான். கீறல் இல்லை. சுரப்பியும் தங்கியது. சேஷய்யா மறுபடி மலையேறினார்.

"எடுத்துப் போட்றது ஈஸிடா. திரும்ப வெக்க முடியுமா?" என்றான் என்னிடம். நர்ஸ் எதிரில் சொன்னான். அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

பிறகு அதே கருவியை நானும் வாங்கினேன். என் கை அவன் கையைவிட நிதானமானது. அந்தக் கேள்விதான் எனக்குத் தோன்றவில்லை. என் பொறாமையெல்லாம் அதன்மேல்தான்.

இப்போது நானும் கேட்கிறேன். நேற்று பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒருவர் தாடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். வாயைத் திறக்கச் சொல்லுமுன், என்ன வேலை, எப்படிச் செய்கிறீர்கள் என்றேன்.

"தறிங்க" என்று சிரித்தார். "சிவஞானம் டாக்டர் நீங்கதானா? மொதல்ல வேலையத்தான் கேப்பாருன்னு ஊர்ல சொல்லிகினு இருந்தாங்க."

"அவர் போன வாரம் காலமாயிட்டாரு."

முகம் வாடிப்போனது. "அப்ப, நீங்களும் பாப்பீங்களா?"

பார்ப்பேன் என்றேன். தறியைப் பற்றிச் சொல்லச் சொன்னேன். அவனிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தக் கேள்வி ஒன்றுதான். அதையும் ஊர் அவன் பேரில்தான் வைத்திருக்கிறது.