தென்னை விழுந்த கார்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்குத் தேனியிலிருந்து கிளம்பினோம். முன்னால் நானும் லோடு வண்டி ஓட்டும் பாண்டி அண்ணனும். பின்னால் கனமானதைச் சங்கிலியால் தூக்கும் ஒரு செயின் பிளாக், முக்காலி கட்ட மூன்று இரும்புக் குழாய்கள், ஸ்பானர் பெட்டி, புது பேட்டரி, அரை கேன் பெட்ரோல். ஆராதனைக்கு வரமாட்டேன் என்று முந்தின நாளே அம்மாவிடம் சொல்லியிருந்தேன். "கடை பூட்டின நாள்லயும் இரும்பைத் தேடித்தான் போறியா, எஸ்தரு?" என்று கேட்டுவிட்டு, பொட்டலமாக எட்டு இட்லி கட்டிக் கொடுத்தார்.

எங்களுடையது இரும்புக் குழாய், சதுர டியூப், வெல்டிங் ராடு விற்கும் கடை. அப்பாவுக்குப் பிறகு பதினொரு வருடமாக நான் நடத்துகிறேன். ஊரார் வீட்டுக் கேட்டுக்கும் ஷெட்டுக்கும் குழாய் வெட்டிக் கொடுத்தே காலம் போகிறதே, ஓடுகிற பொருள் ஒன்றை நாமே செய்தால் என்ன என்று போன வருடம் ஆசை வந்தது. கிட் கார் ஒன்றுக்கான வரைபடத்தை விலைக்கு வாங்கினேன். கிட் காருக்குச் சட்டத்தை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்; என்ஜின், கியர் பாக்ஸ், ஆக்சில், ஸ்டியரிங் ஆகியவற்றை ஓடி முடித்த ஒரு பழைய காரிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். உறுப்பு தானம் மாதிரிதான். ரோட்டில் ஓட்டப் பதிவு கிடைக்காது என்று தெரியும். வீரபாண்டிப் பக்கம் எங்களுக்கு நாலு ஏக்கர் தரிசு கிடக்கிறது, அதற்குள் ஓட்டிக்கொள்ளலாம்.

சட்டம் ஆறு மாதத்தில் முடிந்துவிட்டது. வெல்டிங் முழுக்க என் கைவேலை. தானம் கொடுக்கும் காருக்குத்தான் பஞ்சம். பழைய எண்ணூறு சிசி சின்னக் காரின் என்ஜினை அளந்து அதற்கான தாங்கிகளைச் சட்டத்தில் பற்றவைத்திருந்தேன். வேறு என்ஜின் உட்காராது. மதுரையில் பார்த்த இரண்டில் ஒன்றுக்கு பிளாக்கில் விரிசல். இன்னொன்றுக்குக் காகிதம் எதுவும் இல்லை. ஐந்து மாதம் தேடியபின் பாண்டி அண்ணன்தான் மார்க்கையன்கோட்டையில் ஒன்று நிற்பதாகச் சொன்னார். இதுவும் தவறினால் தாங்கிகளை அறுத்துவிட்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஆறே முக்காலுக்குச் சின்னமனூரில் டீ. அங்கிருந்து ஐந்து கிலோமீட்டர் வயல்களுக்கு நடுவே போனால் மார்க்கையன்கோட்டை. நாற்று நட்ட பச்சை இருபுறமும் கண்ணை நிறைத்தது. எனக்கு அது பாதிதான் மனதில் பதிந்தது. என்ஜின் இறுகிப்போயிருக்குமோ என்ற கவலை மீதியை எடுத்துக்கொண்டது.

கார் ஒரு தென்னந்தோப்பில் நின்றது. இரண்டு வருடத்துக்கு முன் சூறைக்காற்றில் தென்னை ஒன்று முறிந்து காரின் பின்பாதியில் விழுந்திருக்கிறது. பின் சீட்டுக்கு மேல் கூரை தரையைத் தொடுகிற மாதிரி மடங்கிக் கிடந்தது. முன்பக்கம் கீறல்கூட இல்லை. எனக்கு வேண்டியது எல்லாம் முன்பக்கத்தில்தான் இருந்தது.

தோப்புக்காரர் ராசு, ஐம்பதைக் கடந்தவர். மனைவி மகேஸ்வரி. இருவரும் வாசலிலேயே காத்திருந்தார்கள். பதிவை ரத்து செய்த காகிதத்தை ராசு எடுத்து வந்தார். என்ஜின் எண்ணைத் துடைத்துச் சரிபார்த்தேன், பொருந்தியது. வேண்டிய பாகங்களுக்கு மட்டும் பதினெட்டாயிரம் என்று போனில் பேசியிருந்தோம். மிச்சக் கூடு அவர்களுக்கு.

நான் முக்காலியைக் கட்டிக்கொண்டிருந்தபோது தோப்புக்குள் ஒரு லாரி வந்து நின்றது. இறங்கியவர் பழைய இரும்பு வியாபாரி. முழு வண்டிக்கும் இருபத்தாறாயிரம், இப்போதே தூக்கிக்கொண்டு போய்விடுகிறேன் என்றார்.

ராசு தலையைச் சொறிந்தார். "கோவிச்சுக்காதம்மா. அவுக நேத்துச் சாயந்தரமே கேட்டாக. நீ பாதியை எடுத்துட்டுப் போயிட்டா மிச்சக் கூட்டை நான் எங்கன கொண்டுபோய் விக்கிறது?"

"போன்ல பேசி முடிச்சதுதானேண்ணே" என்றேன். குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

மகேஸ்வரி அதுவரை லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது என் பக்கம் திரும்பினார். "ஏத்தா, இதை நீ என்ன செய்யப்போற? நிசத்தைச் சொல்லு."

செல்போனில் சட்டத்தின் படங்களைக் காட்டினேன். என்ஜின் உட்காரப்போகும் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவர் ஒவ்வொரு படத்தையும் விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"பத்தவச்சது ஆரு?"

"நாந்தாங்க்கா."

"நான் நாப்பத்தஞ்சு வயசுல இந்த வண்டியிலதான் ஓட்டப் படிச்சேன். பின் சீட்டுல வாழைத்தாரை அடுக்கிக்கிட்டு சின்னமனூர் மண்டிக்கு நானே ஓட்டிட்டுப் போவேன். மண்டியில அத்தனை பேரும் திரும்பிப் பாப்பாக" என்றவர், வியாபாரியைப் பார்த்தார். "ஒரு மணி நேரம் பொறுங்க. இந்தப் பிள்ளை வண்டியை ஸ்டார்ட் பண்ணிட்டா அது அவளுக்கு. பண்ணலேன்னா நீங்க தூக்கிட்டுப் போங்க."

வியாபாரி சிரித்தார். "ரெண்டு வருசம் மழையில நின்ன வண்டிக்கா? பண்ணட்டும், பண்ணட்டும்." லாரி நிழலில் உட்கார்ந்துகொண்டார்.

மணி ஏழு ஐம்பது. பானெட்டைத் திறந்தால் உள்ளே தேங்காய் நாரும் பஞ்சும் வைத்து அணில் கூடு கட்டியிருந்தது. குட்டிகள் இல்லை, பழைய கூடு. அதை எடுத்துப் போட்டுவிட்டு மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றினேன். துளைகளில் கொஞ்சம் ஆயில் விட்டேன். என்ஜின் சுற்றுகிறதா என்று பார்க்க, முன்னால் இருந்த புல்லியில் ஸ்பானரை மாட்டி அழுத்தினேன். அசையவில்லை. பத்து நிமிடம் விட்டு, பாண்டி அண்ணனும் நானுமாகச் சேர்ந்து அழுத்தினோம். மூன்றாம் முறை அழுத்தியபோது ஸ்பானர் ஒரு விரற்கடை நகர்ந்தது. பிறகு இன்னும் கொஞ்சம். பிறகு முழுச்சுற்று. "இறுகலைண்ணே!" என்று கத்திவிட்டேன்.

பேட்டரி மாற்றி, பெட்ரோல் ஊற்றி, பிளக்கைத் தேய்த்துப் போட்டதும் பாண்டி அண்ணன் மடங்கிய கூரைக்குக் கீழே தலை குனிந்து உட்கார்ந்து சாவியைத் திருப்பினார். என்ஜின் சுற்றியது, பிடிக்கவில்லை. மறுபடி. பிடிக்கவில்லை. வேடிக்கை பார்க்க இருபது பேர் கூடியிருந்தார்கள். "ஆம்பளை மெக்கானிக்கு யாரும் வரலையா?" என்று ஒரு குரல் கேட்டது.

பிளக் ஒன்றைக் கழற்றி, பாடியில் ஒட்டிப் பிடித்து, சாவி போடச் சொன்னேன். பொறி வரவில்லை. அப்படியானால் கோளாறு பெட்ரோலில் இல்லை, கரண்டில். பிளக்குகளுக்குக் கரண்ட் தரும் காயிலிலிருந்து வரும் வயரை விரலால் தடவிக்கொண்டே போனேன். கூடு இருந்த இடத்துக்கு அடியில் விரல் தடுக்கியது. அணில் கடித்து, செம்புக் கம்பி பச்சை பூத்து இற்றுப்போயிருந்தது. என் பெட்டியிலிருந்து ஒரு முழ வயரை எடுத்து வெட்டிப் பொருத்தினேன். மணி எட்டு நாற்பத்தைந்து.

"போடுங்கண்ணே."

இருமியது. கரும்புகை தள்ளியது. நின்றது. "இன்னொரு தரம்" என்றேன். இந்த முறை பிடித்துக்கொண்டது. முதலில் தடுமாறி, அப்புறம் மூன்று சிலிண்டரும் சேர்ந்து, சின்ன உறுமலாய் ஒரே சீராக ஓடியது. மகேஸ்வரி ஓடிவந்தார். அவர் விரலைப் பிடித்து ஆக்சிலேட்டர் கம்பியில் வைத்தேன். இழுத்தார். தோப்பே அதிர என்ஜின் கத்தியது. அவர் வாய்விட்டுச் சிரித்த சிரிப்பில் கூட்டமும் சேர்ந்துகொண்டது.

வியாபாரி எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நல்ல கைதாம்மா உனக்கு" என்றவர், ராசுவிடம், "மிச்சக் கூட்டை நானே எடுத்துக்கிறேன், எட்டாயிரம்" என்றார். ராசுவுக்கு இரண்டும் சேர்த்து அதே இருபத்தாறாயிரம் கைக்கு வந்தது.

ஆயிலை வடித்து, கழற்றி முடிக்கப் பன்னிரண்டரை ஆகிவிட்டது. செயின் பிளாக்கில் என்ஜினும் கியர் பாக்ஸும் ஒன்றாக மேலெழுந்து காற்றில் தொங்கியபோது, மகேஸ்வரி அதற்குக் கீழே யாரும் போகாதபடி கையை விரித்துக்கொண்டு நின்றார். எல்லாம் கிடைத்தது, ஒன்றைத் தவிர. ஒரு பக்க ஆக்சிலின் மூட்டில் ரப்பர் கிழிந்து, தண்ணீர் புகுந்து, துருப்பிடித்திருந்தது. அதை வைத்து ஓட்ட முடியாது.

"கூடலூர்ல ஜீப் பட்டறை ஒண்ணு இருக்கு. பழைய கார்ச் சாமானும் வச்சிருப்பாக. ஞாயித்துக்கிழமையும் திறந்திருப்பாக" என்றார் பாண்டி அண்ணன். ஏலக்காய்த் தோட்டத்து ஜீப்புகளுக்கு அன்றுதான் ஓய்வு. எல்லாம் பட்டறைக்கு வந்துவிடுமாம்.

சின்னமனூரிலிருந்து ஏறக்குறைய முப்பது கிலோமீட்டர். உத்தமபாளையம் தாண்டும்போது இட்லியைப் பிரித்தோம். கம்பம் வந்ததும் சாலையோரக் கடைகளில் பன்னீர் திராட்சை கொத்துக் கொத்தாகத் தொங்கியது. கிலோ எண்பது ரூபாய். பாண்டி அண்ணன் பேரம் பேசி எழுபதுக்கு இரண்டு கிலோ வாங்கினார். அதற்கப்பால் மலை மெல்ல மெல்ல கிட்டே வந்து, கூடலூரில் தலைக்கு மேலேயே நிற்கிறது.

இரண்டு மணிக்குப் பட்டறை. மெக்கானிக் கபீர், முப்பது வயதிருக்கும். பாதி நாள் கேரளத்து டிரைவர்களோடு பேசிப் பேசி, தமிழ்ப் பேச்சிலும் மலையாளம் ஒட்டிக்கொண்டிருந்தது. "என்ன வேணும், சேச்சி?" என்றார். ஆக்சிலைக் காட்டினேன். உள்ளே போய் ஒன்றைக் கொண்டுவந்தார். "இது கறெக்டா சேரும். ஆயிரத்து ஐநூறு."

இரண்டையும் அருகருகே தரையில் கிடத்தினேன். நீளம் சரி. முனையில் இருந்த பற்களை எண்ணினேன். மறுபடி எண்ணினேன். ஒரு பல் கூடுதல்.

"தம்பி, இது வேற மாடல். பல்லு எண்ணிப் பாருங்க."

அவர் எண்ணினார். முகம் சிவந்தது. உள்ளே போய், கால் மணி நேரம் உருட்டித் தேடி, எண்ணெய்த்துணி சுற்றிய இன்னொன்றைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார். எண்ணினேன். பொருந்தியது. மூட்டைச் சுழற்றினால் வெண்ணெய் மாதிரி திரும்பியது.

"சேச்சிக்குப் பட்டறை எங்கன?" என்று கேட்டார். குழாய்க்கடை என்றதும் நம்பவில்லை. படங்களைக் காட்டினேன். ஜீப்புக்கு அடியில் கிடந்த இரண்டு பேரையும் "ஏலே, வெளிய வாங்கலே, இதைப் பாருங்க" என்று கூப்பிட்டுக் காட்டினார். ஆயிரத்து இருநூறு போதும் என்றார். வேண்டாமென்று முழுத்தொகையையும் கொடுத்தேன். சரியான பொருளுக்குச் சரியான விலை கொடுப்பதில் எனக்கு அன்றைக்கு ஒரு சந்தோஷம் இருந்தது.

மூன்றரைக்குத் திரும்பினோம். வழியெல்லாம் நான் பின்கண்ணாடி வழியே என்ஜினைப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொரு வேகத்தடையிலும் அது கயிற்றுக்குள் லேசாக ஆடி, மறுபடி அடங்கியது.

ஐந்தரை மணிக்குத் தேனியின் ஓரத்தில் பாண்டி அண்ணன் வண்டியை நிறுத்தினார். "எஸ்தரு, தார்ப்பாய் போட்டு மூடிரவா? கடைவீதிக்குள்ள போகணும். ஆளுக ஏதாவது கேப்பாக."

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. ஆறு மாதமாக நான் குடோன் கதவை உள்ளே தாழிட்டுக்கொண்டுதான் வெல்டிங் வைத்தேன். பக்கத்துக் கடைக்காரர்கள் கேட்டால் வாட்டர் டேங்க் ஸ்டாண்டு என்று சொல்லியிருந்தேன். காலையில் ஒரு தோப்பில், என்னை அறியாத இருபது பேருக்கு நடுவே, வயரைத் தடவிக்கொண்டு நின்றபோது இல்லாத கூச்சம், பிறந்து வளர்ந்த வீதியில் மட்டும் எதற்கு என்று தோன்றியது.

"வேணாம்ணே. அப்படியே போங்க."

கடைவீதியில் பாதிக் கடைகள் திறந்திருந்தன. பாத்திரக்கடை அண்ணாச்சி முதலில் பார்த்தார். வண்டி கூடவே நாலடி நடந்து வந்து, "என்னம்மா அது? யாருக்கு?" என்று கேட்டார்.

"கார் என்ஜின் அண்ணாச்சி. எனக்குத்தான். கார் கட்டுறேன்" என்று, அடுத்த கடைக்கும் கேட்கும்படி சொன்னேன்.