பிரகாசத்தின் ஒருசந்தி

காலை ஏழரை மணிக்கு, இரண்டு டன் இரும்புத் தகடு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருக்க, மேலே கேபினில் கிரேன் டிரைவர் தூங்கிப்போனான். கீழே இருந்தவர்கள் போட்ட கூச்சலில் விழித்துக்கொண்டான். யாருக்கும் அடியில்லை. ஆனால் அவனுக்கு ஃபிட்னஸ் சர்டிபிகேட் கிடைக்க வழி செய்தவன் நான்தான். எழுபதுகளின் தொடக்கத்தில், திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலை டிஸ்பென்சரியில் கம்பவுண்டராக இருந்தேன்.

டிரைவர் பெயர் பிரகாசம். ராயபுரத்தில் எனக்குப் பக்கத்துத் தெரு, இருவருக்கும் ஒரே மாதா கோயில். எடை தொண்ணூற்றாறு கிலோ, கூடவே பிரஷர். இரண்டு மாதத்தில் பத்து கிலோ குறைக்காவிட்டால் கிரேனில் ஏறக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். பிரகாசத்துக்கு அந்த கிரேன்தான் எல்லாம்.

அப்போது, ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் நோன்பான தபசு காலம் தொடங்கியது. நாங்களெல்லாம் வெள்ளிக்கிழமை மட்டும் ஒருவேளைச் சோற்றோடு ஒருசந்தி இருப்போம். அவன் நாற்பது நாளும் இருந்தான். அந்த ஒருவேளைக்கும் நேரம் காலம் கிடையாது. ஒரு நாள் மத்தியானம் சாப்பிடுவான், ஒரு நாள் பாதி ராத்திரியில். வாராவாரம் தராசில் ஏற்றிப் பார்த்தேன். முள் இறங்க இறங்க எனக்கு ஒரே சந்தோஷம். ஆளுக்கு முகம் வாடிவிட்டது, பேச்சு குறைந்துவிட்டது, பூசையில் கண்கலங்கினான். சாமியாராகப் போகிறாயா என்று நான் கேலி செய்தேன். தபசு காலத்தில் அழுகிறவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை.

ஈஸ்டர் அன்று எல்லோர் வீட்டிலும் கறிச்சோறு. அவன் தட்டைத் தள்ளிவிட்டானாம். மறுநாள் அவன் மனைவி மேரி டிஸ்பென்சரிக்கே வந்துவிட்டாள்.

“அண்ணே, அவரு ராவுல கண்ணே மூடறதில்ல. மூணு மணிக்கே எய்ந்து குந்திகினு அயுவுறாரு. இன்னாத்துக்குன்னு கேட்டா எனக்கே தெர்லன்றாரு.”

பரிசோதனைக்கு ஒரு வாரம்தான் பாக்கி. அதுவரை பொறுத்துக்கொள் என்று சொல்லி அவளை அனுப்பிவைத்தேன். டாக்டரிடம் வாயே திறக்கவில்லை. எண்பத்தைந்து கிலோ, ஃபிட் என்று அவரும் கையெழுத்துப் போட்டார். அதற்கு நாலாம் நாள்தான் பிரகாசம் கேபினில் தூங்கியது.

உடம்புக்குள்ளும் ஷிஃப்ட் உண்டு, சோற்று நேரம் கெட்டால் தூக்கம் கெடும், தூக்கம் கெட்டால் மனசு கெடும் என்று டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். பிரகாசத்தை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். நான் போய்ப் பார்த்தபோது போல்ட் நட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். தலை நிமிராமலே கேட்டான்.

“வாராவாரம் வெய்ட்டு இன்னான்னு பாத்தியே நைனா. தூங்குனியான்னு ஒரு தபா கேட்டியா?”

எனக்கு வெட்கமாக இருந்தது.

நேரத்துக்குச் சாப்பிடத் தொடங்கியபின் ஆறேழு மாதத்தில் அவனுக்குத் தூக்கம் வந்தது, முகமும் தெளிந்தது. கிரேனில் மட்டும் மறுபடி ஏறவிடவில்லை. கம்பவுண்டர் வேலைக்கு வருகிற பிள்ளைகளே, ஒருவனைத் தராசில் ஏற்றுமுன் எப்போது சாப்பிட்டான், எப்படித் தூங்கினான், மனசு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. எந்த வேலைக்காகப் பட்டினி கிடந்தானோ, அந்த வேலையே அவனுக்கு இல்லாமல் போயிற்று.