கிழக்கு பார்த்து வைத்த நீளக் கை மெஷின்

அந்த நீளக் கை மெஷினை வாங்கியது சரியா, தப்பா? இன்றுவரை எனக்குப் பதில் தெரியவில்லை.

இன்று காலை மகளின் பள்ளிப் பையில் தோள்பட்டி பிரிந்து தொங்கியது. நைலான் இழை பிரிவதை நிறுத்த நெருப்புதான் வழி. மெழுகுவத்தியில் நுனியைக் காட்டினேன். சுருண்டு கறுத்து, அந்த நாற்றம் கிளம்பியது. அவ்வளவுதான், மயிலாப்பூர் வீட்டு ஹாலும் கல்பனாவின் குரலும் வந்துவிட்டன.

கல்பனா என் ஓரகத்தி, கணவரின் அண்ணன் மனைவி. மாமியாரோடு எல்லோரும் அந்த ஒரே வீட்டில்தான் இருந்தோம். நேரில் ‘அக்கா’. இங்கே ‘அவள்’ என்றுதான் எழுத வருகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை, மன்னித்துவிடுங்கள்.

அப்போது மகள் கைக்குழந்தை. தரமணி ஆபீஸ் வேலையை விட்டிருந்தேன். தையல் தெரியும் என்பதால் ஓர் இசைக்கருவிக் கடையில் வீணைப் பை தைத்துத் தரக் கேட்டார்கள். நாளெல்லாம் பால் கொடுத்துத் துணி மடித்துக்கொண்டிருந்தவளுக்கு, என்னுடையது என்று சொல்ல அது ஒன்றுதான் இருந்தது. அதுவும் போய்விடுமோ என்ற பயத்திலேயே தைத்தேன்.

வீணைப் பை லேசுப்பட்டதில்லை. கனமான நைலான், நடுவில் ஸ்பாஞ்ச். வெட்டிய ஓரமெல்லாம் பிரியாமல் நெருப்பில் கருக்க வேண்டும். வீணையின் குடம் வரும் பக்கம் அண்டா மாதிரி அகலம். சாதாரண மெஷினில் ஊசிக்கும் மெஷின் உடம்புக்கும் நடுவே ஒரு சாண் இடம்தான். பையைச் சுருட்டி அதற்குள் திணிக்க வேண்டும். நைலான் சுருட்டினால் அடங்கிக் கிடக்குமா? நிமிர்ந்து முகத்தில் அறையும். நீளக் கை மெஷினில் அந்த இடம் தாராளம்.

தி. நகர் கடைக்குக் கல்பனாவைத் துணைக்கு அனுப்பினார் மாமியார். அங்கே கடைக்காரர், “இன்னா தைக்கப் போறீங்க மேடம்? பையா, பந்தலா?” என்றார். மேல் அடுக்கு வழுக்காதா, ஊசி உடையாதா, மோட்டார் சத்தத்தில் குழந்தை விழித்துக்கொள்ளாதா என்று நான் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

“வழுக்காது மேடம். துணியைப் புடிக்கிற கால் துணியோடவே நடக்கும்.”

“மெஷின் காலு நடக்குது. இவ காலுதான் கடைய விட்டு நகர மாட்டேங்குது,” என்றாள் கல்பனா.

பஸ் ஸ்டாப் வரை போய், சந்தேகம் வந்து, திரும்பவும் தைத்துப் பார்க்க வந்தேன். “பொண்ணு பார்க்க வர்றவங்க கூட பஜ்ஜி ஆறுறதுக்குள்ள முடிவு சொல்லிடுவாங்க. நீளக் கையாம்! ஹாலு முழுக்க நீளும். என் பசங்க எங்க உக்காந்து படிக்கும்?” என்றாள் கல்பனா.

அதைக் கேட்டதும்தான் அதையே வாங்கினேன். வேலைக்குத் தேவை என்று வாங்கினேனா, அவள் வேண்டாம் என்றதால் வாங்கினேனா? அதனால்தான் சொன்னேன், பதில் தெரியவில்லை என்று.

மெஷின் வந்தது. மாமியார் அதன் தலையில் குங்குமம் வைத்தார், எலுமிச்சம்பழம் நசுக்கினார், கற்பூரம் காட்டினார். “தொழில் பண்றவ கிழக்கு பார்த்து உக்காரணும்.” எங்கள் ஹாலில் கிழக்கே சுவர். மெஷினின் முதுகு அதில் ஒட்டி நின்றது. ஊசியை விசாரித்தேன், மோட்டாரை விசாரித்தேன். தைத்த பை எந்தப் பக்கம் போகும் என்று மட்டும் நினைக்கவில்லை. அது பின்பக்கம்தான் போகும். பை சுவரில் முட்டி மடங்கியது, தையல் கோணியது.

“முன்னால இழுத்துப் போடலாமா அத்தை?”

“கற்பூரம் காட்டி வெச்ச எடத்த மாத்துவாங்களா?”

மாமியாரைக்கூடச் சமாளித்திருப்பேன். முன்னால் இழுத்தால் பிள்ளைகள் படிக்கும் இடம் போய்விடும். “உன் பைக்கு ஹாலு, என் பசங்களுக்கு மொட்டை மாடியா?” என்றாள் கல்பனா. “உங்க டிவி மட்டும் வாடகை குடுத்துட்டா உக்காந்திருக்கு?” என்றேன் நான். அன்றோடு பேச்சு நின்றது. அதன்பிறகு எல்லாச் செய்தியும் தொட்டில் வழியாகத்தான். “பாப்பா, உங்கம்மா கிட்ட சொல்லு, சாம்பார்ல நூலு கெடக்குது.” பேச்சே வராத குழந்தை இரண்டு பக்கமும் பார்த்துச் சிரிக்கும்.

கோணலாக இருப்பதாக இசைக்கருவிக் கடையில் பைகளைத் திருப்பி அனுப்பினார்கள். அடுத்ததும் இப்படி வந்தால் வேறு ஆள் பார்த்துக்கொள்வார்களாம். மாமியார் கோயிலுக்குப் போயிருந்த நேரம், நான் தனியாக மெஷினை மேஜையோடு இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. அழுகையாக வந்தது. சமையலறையிலிருந்து கல்பனா வந்தாள்.

“தள்ளு. இடுப்பு புடிச்சிக்கினா உனக்கு நான்தான் கஞ்சி வெக்கணும்.”

இருவரும் இழுத்தோம். பிறகு, யாரும் சொல்லாமலே, சுவருக்கும் மெஷினுக்கும் நடுவே போய் நின்று பையின் மறுமுனையைப் பிடித்தாள். தையல் நேராக ஓடியது. “நேரா வுடு. கண்ணு எங்க கீது? இதுக்குத்தான் எம்.எஸ்ஸி. படிச்சியா?” பை முடியும்வரை திட்டினாள், பிடியை மட்டும் விடவில்லை.

மாமியார் வந்ததும், “எலி செத்த நாத்தம் அத்தை, நகர்த்தினோம்,” என்றாள். மெஷின் ஹால் நடுவிலேயே நின்றுவிட்டது. அதைச் சொல்லிக்காட்டாமல் கல்பனா ஒருநாளும் விட்டதில்லை. ஆனால் குடம் வரும் பக்கம் தைக்கும்போதெல்லாம் பின்னால் வந்து நின்றுவிடுவாள்.

மாமியார் காலமான பின் வீடு பில்டர் கைக்குப் போனது. பாகம் பிரித்த அன்று அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். நான் சொன்னதையும்தான். ஆதம்பாக்கத்தில் எங்கள் ஃபிளாட் சின்னது. மெஷின் கல்பனா வீட்டாரோடு கொட்டிவாக்கம் போனது. நான் சின்ன மெஷினில் டிஃபன் பை தைக்கிறேன். மயிலாப்பூர் ஹால் இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. பை கோணினால் கோணிவிட்டது என்று சொல்லக்கூட வீட்டில் ஆள் இல்லை.

மார்கழிக்கு வீணைப் பை வேண்டும் என்று பழைய கடையிலிருந்து போன வாரம் கூப்பிட்டார்கள். முடியாது என்றால் இனி கூப்பிட மாட்டார்கள். எப்படித் தெரிந்ததோ, நேற்று கல்பனாவிடமிருந்து ஒரு மெசேஜ்: ‘மெஷின் துரு புடிக்குது. தைக்கணும்னா இங்க வந்து தை.’ எப்படி இருக்கிறாய் என்று ஒரு வார்த்தை இல்லை. பாப்பாவைப் பற்றியும் கேட்கவில்லை.

இது கூப்பிடுவதா, குத்திக்காட்டுவதா? போனால் சண்டை நிச்சயம். போகாவிட்டால் இந்த வேலை போய்விடும். ஓரகத்தியோடு ஒரே ஹாலில் குடித்தனம் நடத்தியவர்கள் யாராவது சொல்லுங்களேன்: மகளைக் கூட்டிக்கொண்டு கொட்டிவாக்கத்துக்குப் பஸ் ஏறட்டுமா?